அறுபத்து மூன்றாம் பக்கம்

அக்டோபர் 2

கிராம சபை. சாத்தநேரி தொடக்கப்பள்ளியில் பதினொரு மணிக்குத் தொடங்க வேண்டியது. தலைவர் வந்து சேரப் பன்னிரண்டாகிவிட்டது. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் நூற்றுப் பத்துக் கையெழுத்து.

வரவு செலவு வாசித்து முடிக்கும்வரை சிக்கலில்லை. பிறகு பரமார்த்தலிங்கம் எழுந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு மனு மன்னன் என்று பெயர். இந்த வருடம் மட்டும் என்னிடம் பதினோரு தகவல் உரிமை மனு போட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவாகும்.

இன்றைக்குக் குளத்தைப் பற்றி. சவுடு மண் எடுக்க மூன்றடி ஆழம்தான் அனுமதி, பதினோரு அடி தோண்டியிருக்கிறார்கள், கிராம நிர்வாக அலுவலர் அளந்தாரா என்று கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அறிக்கை அனுப்பியிருக்கேன்” என்றேன்.

“அறிக்கைய அனுப்புனீங்க சரிம்மா. டேப்ப எப்ப அனுப்பப் போறீங்க?”

சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. தலைவரும் சிரித்தார். மண் எடுக்கிறவர் தலைவரின் மைத்துனர். அவருக்கு என்ன சிரிப்பு?

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. தயிர்ச் சாதம்.

அக்டோபர் 6

பன்னிரண்டாவது மனு பதிவுத் தபாலில் வந்தது. குளத்தை அளந்த தேதி, நேரம், அளந்த கருவி, உடனிருந்தவர் பெயர். நான்கு கேள்விகள்.

அடங்கல் பயிர்க் கணக்கு பாதியில் நிற்கிறது. மகள் போன் செய்தாள். தென்காசியில் என் அக்கா வீட்டிலிருந்து பிளஸ் டூ படிக்கிறாள். “எப்பம்மா டிரான்ஸ்பர் வரும்?” அதே கேள்வி. தாசில்தாரிடம் மறுபடி நினைவூட்ட வேண்டும்.

அக்டோபர் 9

சாதிச் சான்று ஐந்து, வருமானச் சான்று ஒன்பது. இணையம் மூன்று முறை நின்றது. சாயங்காலம் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு வந்தார், இரண்டு கையெழுத்து. பால் திரிந்துவிட்டது. நாளை கூட்டம், சீக்கிரம் தூங்க வேண்டும்.

அக்டோபர் 10

காலை ஒன்பது மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் கூட்டம். எட்டே முக்காலுக்கே போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். இரண்டு மணிவரை உட்கார்த்தி வைத்தார்கள். டிரான்ஸ்பர் கோப்பு மேலே போயிருக்கிறதாம். தாசில்தாரே சொன்னார். நல்ல நாள்.

அக்டோபர் 11

பரமார்த்தலிங்கத்தை நேற்றுப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். குளக்கரையில் லாரி டிரைவரை அரிவாளைக் காட்டி மிரட்டினாராம். என் உதவியாளர் கொம்பையா காலையில் வந்து சொன்னார். கொம்பையாவை ஊரில் இன்னும் தலையாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

“அந்தாளு அரிவாள எங்க கண்டான்? ஸ்குரு டிரைவர் பிடிச்ச கை அது” என்றார். பிறகு என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு டீ வாங்கப் போனார்.

அடங்கல் முடிந்தது.

அக்டோபர் 19

மழை. ஓட்டு வீட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பன்னிரண்டாவது மனுவுக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுதாரர் சிறையில் இருந்தால் பதில் எங்கே அனுப்புவது? வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ.யிடம் கேட்டேன். “வீட்டு விலாசத்துக்கே அனுப்புங்க மேடம். அங்க போயும் மனு எழுதிக்கிட்டுத்தான் இருப்பாரு” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நவம்பர் 6

அவரைக் குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். ஜாமீன் கிடைக்கப் போகிற நேரம் பார்த்து ஆணை வந்திருக்கிறது. இனி ஓராண்டு வரை வைத்திருக்கலாம். விசாரணை வேண்டியதில்லை, குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. வெளியே விட்டால் இன்னது செய்வார் என்று ஒரு அதிகாரிக்குத் தோன்றினால் போதும்.

நான் எம்.ஏ. அரசியல் அறிவியல். தடுப்புக் காவலும் தனிமனித உரிமையும், பதினைந்து மதிப்பெண். அந்த விடையை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். அதில் ஒரு இடத்தில்கூட மனிதன் பெயர் வராது.

நவம்பர் 7

இவர், என் வீட்டுக்காரர், போன் செய்தார். வளைகுடாவில் பத்து வருடமாக ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறார். பரமார்த்தலிங்கத்தின் கதையைச் சொன்னேன்.

“விசாரணையே கெடையாதா?”

“கெடையாது.”

“அப்ப இங்க மாதிரிதான். என்ன, இங்க அதுக்கு ஜனநாயகம்னு பேரு வைக்க மாட்டாவ. அவ்வளவுதான் வித்தியாசம்.”

எனக்குக் கோபம் வந்தது. இங்கே தேர்தல் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, ஆட்கொணர்வு மனு இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று அடுக்கினேன்.

“இங்க ரோடு நல்லாயிருக்கு” என்றார்.

“அங்க நீங்க வாயத் தொறந்து ஏதாவது கேட்டிருக்கீங்களா?”

“கேட்டா அன்னைக்கே பிளேன் ஏத்திருவான். நான் எதுக்குக் கேக்கேன்? நீ கேளு. ஒனக்குத்தான் எல்லாம் இருக்குல்லா. நீ அந்த ஆளுக்காவ என்ன கேட்ட?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 13

எழுதாமல் விடலாம் என்று நேற்று இரவெல்லாம் நினைத்தேன்.

நேற்றுப் பதினொரு மணிக்குப் பரமார்த்தலிங்கத்தின் மனைவி முப்பிடாதி அலுவலகத்துக்கு வந்தார். பீடி சுற்றுகிறவர். ஐந்தாவதோடு படிப்பை விட்டது, எழுத்தெல்லாம் மறந்துவிட்டது என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறார். கையில் மஞ்சள் பை. அதற்குள் சிறையில் அவருக்குக் கொடுத்த காவல் ஆணையும் அதற்கான ஆவணங்களும். கனமான புத்தகம், தாளுக்கு ஒரு பக்கமாக நூற்றெண்பத்தாறு பக்கம்.

“வக்கீலுக்கு ஒண்ணு குடுத்தாச்சு. இதுல என்னதான் எழுதியிருக்குன்னு எனக்கும் தெரியணும்லா. நீங்க கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கம்மா.”

வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசித்தேன். குளக்கரையில் அரிவாளைச் சுழற்றினாராம். பொதுமக்கள் சிதறி ஓடினார்களாம். கடைக்காரர்கள் கடைகளை அடைத்தார்களாம்.

“குளக்கரையில எந்தக் கடைம்மா?” என்று கேட்டார்.

நான் மேலே வாசித்தேன். முதல் தகவல் அறிக்கை, டிரைவரின் வாக்குமூலம், கைது அறிவிப்பு. அறுபத்திரண்டாம் பக்கம் முடிந்தது. பக்கத்தைத் திருப்பி அறுபத்து நான்கைத் தொடங்கினேன்.

“ஒரு தாளு ஒட்டிக்கிட்டுப் போச்சும்மா.”

“இல்லையே.”

“எழுத்துதான் தெரியாது. தாளு எண்ணத் தெரியும். ஒரு நாளைக்கி ஆயிரம் இலை எண்ணுதவ நான்.”

பிரித்தேன். ஒட்டியெல்லாம் இருக்கவில்லை. கைப்பற்றுதல் மகசர். அக்டோபர் பத்து, காலை ஒன்பது மணி, சாத்தநேரி குளக்கரை. எதிரி பரமார்த்தலிங்கம் எடுத்துக் கொடுத்த அரிவாள் கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றப்பட்டது. சாட்சி ஒன்று: உலகம்மாள், கிராம நிர்வாக அலுவலர். சாட்சி இரண்டு: கொம்பையா, கிராம உதவியாளர்.

கண்ணால்தான் வாசித்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“அது ஒங்க கையெழுத்துன்னு வக்கீல் மொதல்லயே சொல்லிட்டாரு. நீங்க அத வாசிக்கீங்களா, தாண்டிப் போறீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்” என்றார். புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “தண்ணி குடிக்கலாமாம்மா?” என்று கேட்டு, அலுவலகக் குடத்திலிருந்து குடித்துவிட்டுப் போனார்.

திட்டியிருக்கலாம் அவர்.

நவம்பர் 15

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஏட்டு வந்தார். இரண்டு தாள் நீட்டினார். வெற்றுத் தாள்கள். அடியில் சாட்சி என்று மட்டும் இருந்தது. போட்டேன். பதினேழு வருடமாக எந்த ஊரில் வேலை பார்த்தாலும் இதுதான் வழக்கம். சாராயம் பிடித்தாலும் மண்வண்டி பிடித்தாலும் சாட்சிக்குக் கிராம நிர்வாக அலுவலர் வேண்டும். பொதுமக்கள் யாரும் வர மாட்டார்கள். நாங்கள் போடாவிட்டால், அடுத்த முறை ஆக்கிரமிப்பு அகற்றப் போகும்போது பாதுகாப்புக்கு ஒரு காவலர்கூட வர மாட்டார். போன வருடம் ஓடைப் புறம்போக்கில் என்மேல் கல் விழ இருந்தது. ஏட்டுதான் குறுக்கே வந்து நின்றார்.

வெற்றுத் தாளில் என்ன எழுதுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 16

கொம்பையாவிடம் பேசினேன்.

“முப்பது வருசமா போடுதோம். இன்னைக்கி என்னம்மா புதுசா?”

“அந்த நேரத்துல நாம தாலுகா ஆபீசுல இருந்தோம், கொம்பையா.”

“நீங்க ஆபீசுல இருந்தீங்க. நான் வெளிய புளியமரத்துல சாஞ்சு தூங்கிக்கிட்டிருந்தேன். அரசாங்கக் கணக்குல ரெண்டு பேரும் குளக்கரையில நிக்கோம். நல்ல காத்து அங்க.”

சிரித்தார். சிரித்து முடித்ததும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது அவருக்கு.

நவம்பர் 28

முப்பிடாதி சென்னைக்குப் போய் வந்தாராம். தடுப்புக் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தில் வழக்கறிஞர் வாதாடக் கூடாது. கைதியும் சொந்தக்காரரும் பேசலாம். கொம்பையா விவரம் கேட்டு வந்தார். பத்து நிமிடம் கொடுத்தார்களாம். பரமார்த்தலிங்கம் எட்டு நிமிடம் குளத்தின் ஆழத்தைப் பற்றியே பேசியிருக்கிறார். “ஒங்க கேசப் பத்திச் சொல்லுங்க” என்றார்களாம். “அதத்தான் சொல்லுதேன்” என்றாராம்.

அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடத் தெரியாதா?

டிசம்பர் 4

ஆணை உறுதியாகிவிட்டது. ஓராண்டு.

இட்லி மாவு புளித்துப் பொங்கி மேடையெல்லாம் வழிந்துகிடந்தது. துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன்.

டிசம்பர் 11

வழக்கறிஞர் போன் செய்தார். மதுரையில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறார். “நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் தந்தா நல்லாருக்கும் மேடம். கட்டாயப்படுத்தல. அன்னைக்குக் காலையில நீங்க தாலுகா ஆபீசுல இருந்ததா கேள்விப்பட்டேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, பயம்தான் இருக்கிறது.

டிசம்பர் 18

டிரான்ஸ்பர் ஆணை வந்துவிட்டது. தென்காசிக்குப் பக்கத்திலேயே. ஜனவரி பத்துக்குள் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். மகளிடம் சொன்னேன். போனில் கத்தினாள், அழுதாள். “நெசமாவாம்மா? இனிமே ஒன் கையால காப்பி!”

தாசில்தார் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த வக்கீல் யாருகிட்டயெல்லாமோ பேசிட்டிருக்காராம். நீங்க கெளம்பிருங்க மேடம். போற எடத்துல நிம்மதியா இருங்க” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள்.

டிசம்பர் 20

பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். எம்.ஏ. படித்தபோது எழுதிய நோட்டு அகப்பட்டது. ‘மன்னராட்சி, சர்வாதிகாரம், மக்களாட்சி: வேறுபடுத்துக.’ மூன்று பத்தியாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். மூன்றாவது பத்தியில் முதல் வரி: அதிகாரம் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. பேராசிரியை அதற்குச் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறார்.

பன்னிரண்டாவது மனுவுக்கு நான் அனுப்பிய பதிலின் நகலும் அதே பெட்டியில் இருந்தது. ‘தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் தனியே பராமரிக்கப்படவில்லை.’

டிசம்பர் 27

தாள் வெற்றுத் தாளாக இருக்கவில்லை.

பதினைந்தாம் தேதி எழுதியதை அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

தாளின் தலைப்பில் எதிரியின் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பரமார்த்தலிங்கம், தந்தை பெயர், கதவு எண். கீழே மட்டும்தான் காலி. நான் வாசித்தேன். நிமிர்ந்து ஏட்டைப் பார்த்தேன். “எல்லாம் ஒங்க மனு மன்னனுக்குத்தான் மேடம். ரெண்டு நாள் உள்ள வச்சு அனுப்புனா எல்லாருக்கும் நிம்மதி” என்றார்.

நான் சிரித்தேன். கிராம சபையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மனு மன்னன் என்று பெயர் வைத்ததே நான்தான். சிரித்துக்கொண்டே போட்டேன். பேனாகூட என்னுடையது.

ஓராண்டு என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் என்றால் பரவாயில்லை என்று நினைத்தவள் நான்.

டிசம்பர் 28

இவரிடம் சொன்னேன். முழுவதும். நாற்பத்து நான்கு வயதில் கணவரிடம் திட்டு வாங்கக் காத்திருப்பது விநோதமாக இருந்தது.

“இங்க நான் எத்தனை பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன் தெரியுமா, உலகு? ஒரு எழுத்து வெளங்காது. எல்லாம் அரபி. போடுன்னா போடுவேன். என் பாஸ்போர்ட்டு கம்பெனி பீரோவுல கெடக்குது.”

“ம்.”

“நீ தமிழ்ல இருக்கதுக்குப் போட்டிருக்க.”

வைக்கும்போது, “வேலை போச்சுன்னா போகட்டும். புள்ளைக்கு ஃபீஸ் நான் பாத்துக்கிடுதேன்” என்றார். பிறகு மறுபடியும் அழைத்து, “ஆனா நல்லா யோசிச்சுக்கோ” என்றார்.

ஜனவரி 5

மதுரை. வழக்கறிஞர் அறையில் பிரமாணப் பத்திரம் தயாராக இருந்தது. அத்தாட்சி செய்யும் நோட்டரி பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

“இங்க, இங்க, கடைசிப் பக்கத்துல இங்க. வாசிச்சுக்கிட்டிருந்தா நேரமாயிரும் மேடம். எல்லாம் வழக்கமா எழுதறதுதான்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். நோட்டரி கடிகாரத்தைப் பார்த்தார்; கொஞ்ச நேரத்தில் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

நான்காம் பத்தியில் ‘வெற்றுத் தாள்களில் கையொப்பமிட்டேன்’ என்று இருந்தது.

“இத மாத்தணும். தலைப்புல அவர் பேரு இருந்துச்சு. தெரிஞ்சுதான் போட்டேன்.”

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றினார். “இது ஒங்களுக்கே பாதகம் மேடம். வெற்றுத் தாள்னா நீங்க ஏமாந்தவங்க. தெரிஞ்சு போட்டேன்னா நீங்களும் கூட்டு.”

“ஆமா.”

“கேசுக்கு அது அவசியமே இல்ல. முந்தின நாளே போட்டது, சம்பவ நேரத்துல வேற எடத்துல இருந்தது, இது ரெண்டுமே போதும்.”

“எனக்கு அவசியம்.”

மறுபடி தட்டச்சு செய்து வர ஒன்றரை மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நோட்டரி நான்கு மணிக்குத்தான் திரும்பினார். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற கவலையில்தான் கையெழுத்துப் போட்டேன். பெரிய உணர்ச்சி எதுவும் வரவில்லை. கால் வீங்கியிருந்தது.

ஜனவரி 9

டிரான்ஸ்பர் ரத்து. ‘நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு’ என்று ஒரே வரி. பெட்டிகளைப் பிரித்தேன். மகளுக்குச் சொன்னேன். அவள் அக்காவிடம் போனைக் கொடுத்துவிட்டாள். அக்கா, “ஒனக்கு எதுக்குடி ஊர் வம்பு?” என்றாள்.

ஜனவரி 22

குறிப்பாணை வந்தது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். குற்றச்சாட்டு: காவல் துறையின் மகசரில் சாட்சியாகக் கையொப்பமிட்டுவிட்டு, பின்னர் அதற்கு முரணாக நீதிமன்றத்தில் பிரமாணம் செய்தது, அரசு ஊழியருக்குரிய நடத்தைக்குக் குந்தகமானது.

மூன்று முறை வாசித்தேன். பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டது குற்றச்சாட்டில் இல்லவே இல்லை.

பிப்ரவரி 3

அலுவலகத்தில் யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. வெறுப்பில்லை, பயம். ஆர்.ஐ. மட்டும் ஒரு தாளில் சுற்றிய முறுக்கை என் மேஜையில் வைத்துவிட்டு ஓடினார்.

பிப்ரவரி 24

தீர்ப்பு. நான் போயிருந்தேன். எங்கள் வழக்கு வந்தது பன்னிரண்டு இருபதுக்கு. முடிந்தது பன்னிரண்டு இருபத்து நான்குக்கு.

காவல் ஆணை ரத்து. காரணம்: ஆணையை மறுபரிசீலனை செய்யும்படி பரமார்த்தலிங்கம் சிறையிலிருந்து அரசுக்கு ஒரு மனு அனுப்பியிருந்தார். அந்த மனு யாரோ ஒருவருடைய மேஜையில் ஒன்பது வேலை நாள் கிடந்திருக்கிறது. ஏன் கிடந்தது என்று அரசுத் தரப்பால் விளக்க முடியவில்லை. தடுப்புக் காவலில் இருப்பவரின் மனுவைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய உரிமை. எனவே ரத்து.

வழக்கறிஞர் என் பிரமாணப் பத்திரத்தைக் கையில் எடுத்து எழுந்தார். அந்தப் பத்திரத்துக்குள் போக வேண்டிய அவசியமில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் முப்பிடாதி தூணில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். விடுதலை என்று புரிந்ததும் வந்த அழுகை. நானும் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் பேருந்தில் திருநெல்வேலி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அரிவாள் பொய் என்று யாரும் சொல்லவில்லை. கடை இல்லாத குளக்கரையில் கடை அடைத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் மூன்று மாதம் விழுங்கியும் துப்பியும் எழுதிய உண்மை அவரை விடுவிக்கவில்லை. எவரோ ஒரு எழுத்தர் ஒன்பது நாள் சோம்பியிருந்தது விடுவித்தது. நானும் எத்தனையோ மனுக்களை ஒன்பது நாள் போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியில் அவரை வெளியே கொண்டுவந்தது அவருடைய மனுதான்.

மார்ச் 2

பரமார்த்தலிங்கம் அலுவலகத்துக்கு வந்தார். இளைத்திருக்கிறார், சட்டைக் காலரில் கழுத்து ஆடுகிறது. நான் எழுந்து நின்றேன். என்ன சொல்வது என்று மனதில் பல நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

“உக்காருங்கம்மா” என்று என் அலுவலகத்தில் என்னை உட்காரச் சொன்னார். “நீங்க எழுதுன பத்திரத்த வக்கீல் குடுத்தாரு. வாசிச்சேன். நாலாவது பத்திய ரெண்டு தடவ வாசிச்சேன்.”

“என்ன மன்னிச்சிருங்க.”

ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். “அருவாள் கேசு இன்னும் இருக்கு. அதுல நீங்கதான் சாட்சி. எப்ப வருதோ, அஞ்சு வருசமோ ஆறு வருசமோ. அப்பவும் இதையே சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

“அப்ப மத்தத அன்னைக்கிப் பேசிக்கிடுவோம். டேப் இருக்கா?”

கொம்பையா நில அளவை நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார். குளம் நிறையத் தண்ணீர். மூன்றடியா பதினோரு அடியா, ஒன்றும் தெரியவில்லை. கொக்குகள் நின்றன. பரமார்த்தலிங்கம் கரையில் வெகு நேரம் நின்றார்.

“வத்தட்டும். மே மாசம் அளப்போம்.” திரும்பி, “மே மாசம் நீங்க வேலையில இருப்பீங்களாம்மா?” என்றார்.

“தெரியலையே.”

“மன்னரு கேக்காரு, ராணிக்குத் தெரியல” என்று கொம்பையா முணுமுணுத்தார். பரமார்த்தலிங்கம் திரும்பிப் பார்த்து, சிறை போன பிறகு முதல் முறையாக இருக்கும், வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 14

குறிப்பாணைக்கு நான் அனுப்பிய விளக்கம் திருப்தியாக இல்லையாம். விசாரணை அதிகாரி நியமனம். மகள் தேர்வு எழுதுகிறாள். இன்று அவளாகவே போன் செய்தாள். அரசியல் பேசவில்லை, வினாத்தாள் கஷ்டம் என்றாள். அது போதும்.

மார்ச் 21

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏட்டு வந்தார். அக்டோபருக்குப் பிறகு இன்றுதான். பழைய மாதிரியே பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்தினார், பழைய மாதிரியே மேஜையில் இரண்டு தாள் வைத்தார்.

“கோவமெல்லாம் இல்லையே மேடம்? நமக்குள்ள என்ன. கஞ்சா கேசு ஒண்ணு. சின்னப் பய.”

தாளை எடுத்து வாசித்தேன். தலைப்பில் ஒரு பெயர். வயது பத்தொன்பது. கீழே காலி.

“எங்க பிடிச்சீங்க?”

“பஸ் ஸ்டாப்புக்கிட்ட.”

“எப்ப?”

“அதெல்லாம் எழுதிக்கிடலாம் மேடம்.”

“வாங்க, போவோம். பையனப் பாக்கேன், பொருளப் பாக்கேன், எடத்தப் பாக்கேன். பாத்ததை நானே எழுதிக் கையெழுத்துப் போடுதேன்.” ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். கொம்பையாவும் எழுந்து சட்டையை மாட்டினார். ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது அந்த மனிதர் எழுந்தார், எழுதி வைக்கிறேன்.

ஏட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. தாள்களை மடித்து உறையில் போட்டார்.

“ஒங்களுக்கு எதுக்கு மேடம் செரமம். மேலூருல புதுசா வந்திருக்க வி.ஏ.ஓ. தங்கமான பையன்.”

பைக் கிழக்கே திரும்பி, மேலூர்ப் பாதையில் போவதை வாசலில் நின்று பார்த்தேன். எட்டு கிலோமீட்டர். பதினைந்து நிமிடம்.

அந்தத் தம்பியின் எண் என்னிடம் இருந்தது. வேலைக்கு வந்து ஏழு மாதம், இன்ஜினியரிங் படித்தவன். முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறை இணைப்பில் இருந்தான். மூன்றாவது முறை எடுத்தான்.

“தம்பி, இப்ப ஏட்டு ரெண்டு தாளோட வருவாரு. வாசிச்சுப் பாருங்க. காலியா இருந்தா போடாதீங்க. அந்தப் பையனப் பாக்காம போடாதீங்க.”

அவன் சிரித்தான். மரியாதையாகத்தான் சிரித்தான்.

“சரிங்க மேடம், சரிங்க. பாத்துக்கிடுதேன்.”

எனக்குத் தெரிந்த சிரிப்பு அது. கொம்பையாவைப் பின்னால் உட்காரச் சொல்லி ஸ்கூட்டரை மேலூருக்குக் கிளப்பினேன்.